செல்ஃப் எடுக்காத பச்சை வண்டியும் மல்லீஸ்வரியின் துணிக்கொடியும்

மல்லீஸ்வரி பிள்ளையின் கவுனை முறுக்கிப் பிழிந்து, உதறி, தோளில் போட்டு, அடுத்த கவுனைப் பிழிந்து, அதையும் தோளில் போட்டு, ஜாக்கெட் நனைந்து முதுகு வரைக்கும் ஈரம் இறங்கி, இனி அவளையே யாராவது பிழிந்து காயப்போட்டால்தான் உண்டு என்கிற கதிக்கு வந்த பிறகும் துணி போட இடமில்லாமல் வாசலில் நின்றாள், ஏனென்றால் கொடி கட்டுகிற இடத்தில் அந்தப் பச்சை வண்டி நின்றது. ஆயுத பூஜைக்கு முன்னாலேயே வந்த வண்டி. புரட்டாசி போய், ஐப்பசி மழை பிடித்து, பொள்ளாச்சியில் மார்க்கெட்டுக்குப் பின்னாலிருக்கிற அந்தச் சந்தில் ஒருத்தர் வீட்டிலும் ஒரு துணி ஒழுங்காகக் காயாத காலம் அது, வெயில் எப்போதாவது மனசு வந்து எட்டிப் பார்த்தால் அந்த வெயிலும் நேராகப் போய் வண்டியின் கூரைமேல் குந்திக்கொள்ளும், மல்லீஸ்வரியின் கவுனுக்கும் துண்டுக்கும் ஒரு பொட்டு மிஞ்சாது.

வண்டி வெள்ளைக்காரன் காலத்தது. எந்தக் கம்பெனி என்று மூக்கில் எழுதியிருந்த எழுத்தெல்லாம் உதிர்ந்து ஓட்டை மட்டும் இருந்தது. முட்டைக் கண் மாதிரி ரெண்டு லைட், தவளை முதுகு மாதிரி கூரை. சொந்தக்காரர் தேவராசண்ணன், ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், வண்டியை சினிமா ஷூட்டிங்குக்கும் ஊர்க் கல்யாணத்துக்கும் அனுப்புகிறவர், இப்போது கார்த்திகையில் சொந்த மகளுக்கே கல்யாணம் வைத்துக்கொண்டு வண்டியில் செல்ஃப் எடுக்கவில்லை என்று கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சாவியைத் திருப்பினால் வண்டி உறுமவேண்டும். இது உறுமாமல், உள்ளே யாரோ நாக்கால் அண்ணத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு 'டிக்' சத்தம் மட்டும் போட்டது.

மல்லீஸ்வரியின் புருசன் கனகராசு அந்தச் சந்தில் ஆட்டோ எலக்ட்ரீசியன். முன்னறைதான் கடை, வாசல்தான் பட்டறை, பின்னறைதான் வீடு. எந்த வண்டி வந்தாலும் பேனட்டைத் தூக்குவதற்கு முன்னாலேயே "எர்த்தைப் பாரு முதல்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறவன், அதனாலேயே 'எர்த்து கனகு' என்று பேர் வாங்கினவன். பேட்டரியிலிருந்து கரண்டு புறப்பட்டுப் போய் செல்ஃப் மோட்டாரைச் சுற்றிவிட்டு வண்டியின் உடம்பு வழியாகத் திரும்பப் பேட்டரிக்கே வந்து சேரவேண்டும், போகிற வழி ஒயர், வருகிற வழி எர்த், வீடு திரும்ப வழியில்லாவிட்டால் கரண்டு வேலைக்கே போகாது, அது மனுசனை மாதிரிதான் என்று கல்யாணமான புதிதில் மல்லீஸ்வரிக்குச் சொல்லியிருக்கிறான். அப்போது அவளுக்கு அது அழகாக இருந்தது. இப்போது அவளுக்குத் துணி காயவேண்டும்.

ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர்க் கொக்கி வரைக்கும் கட்டுகிற கம்பிக்கொடி அது. கொக்கி இப்போது வண்டிக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. அவள் பார்த்தாள், யோசித்தாள், "எக்கேடோ கெட்டுப் போ" என்று வண்டியைப் பார்த்து வாய்க்குள் சொல்லிவிட்டு, கொடியின் மறுமுனையை இழுத்து வண்டியின் பம்பரிலேயே ரெண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். கட்டி, முதல் துணியாகக் கனிஷ்காவின் மஞ்சள் கவுனைப் போட்டாள்.

கனிஷ்கா வாசற்படியில் உட்கார்ந்து போல்ட்டுக்கு அடியில் போடுகிற வட்டமான இரும்பு வாசர் ஒன்றை நக்கிக்கொண்டிருந்தாள். ரெண்டு வயது ஆகப்போகிறது. உட்காருவாள், தவழுவாள், சிரிப்பாள், 'ம்மா' என்பாள். நிற்கமாட்டாள். நிறுத்தினால் முழங்கால் ரெண்டும் ஈரத்துணி மாதிரி மடங்கும். டாக்டர் பார்த்துவிட்டு எலும்பில் குறை ஒன்றுமில்லை, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும் என்று சொல்லிவிட்டார், ஆனால் சந்தில் டாக்டரைவிடப் பெரிய டாக்டர்கள் வீட்டுக்கு ஒருத்தர் இருந்தார்கள். எதிர்வீட்டு சுலோச்சனாக்கா, தோசைமாவு அரைத்து விற்பவள், பார்க்கிறபோதெல்லாம் "ஏன் அம்மிணி, இன்னும் நடக்கலியா? என்ற பெரியவன் ஒம்பதாவது மாசத்துல ஓடுனான்" என்பாள். ஓடின அந்தப் பெரியவன் இப்போது எங்கே ஓடிப்போனான் என்று கேட்க மல்லீஸ்வரிக்கு வாய்வரைக்கும் வரும், ஆனால் அவளுக்கு வெளியாட்கள் முன்னால் பேச்சு வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும், வீட்டுக்குள் போய்ப் பாத்திரத்தின் மேல் காட்டுவாள்.

அன்றைக்குக் கனகராசு வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். டிக். வண்டி அசையவில்லை. கொடியில் மஞ்சள் கவுன் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது, வாசற்படியில் கனிஷ்கா வாசரை வாயிலிருந்து எடுத்தாள், எழுந்தாள், நின்றாள், நடந்தாள்.

நேராக, ஏதோ கடைக்குப் போகிறவள் மாதிரி, கையை வீசிக்கொண்டு நடந்தாள். கனகராசு வாயைப் பிளந்துகொண்டு சாவியை விட்டான். விட்ட கணமே பிள்ளை தூக்கின காலோடு அப்படியே நின்று, தொப்பென்று கீழே விழுந்து, ஓவென்று அழுதாள். அவன் பதறி மறுபடி சாவியைத் திருப்பினான். அழுகையோடேயே எழுந்து நடந்தாள்.

"மல்லீ! ஏம்புள்ள, இங்க பாரு, இங்க பாரு!"

மல்லீஸ்வரி பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், கொடி போய்ச் சேர்கிற பம்பரைப் பார்த்தாள். வீடு திரும்ப வழி தெரியாத கரண்டு வண்டியின் உடம்பெல்லாம் அலைந்து, பம்பருக்கு வந்து, கொடியேறி, கவுனுக்குள் புகுந்து பிள்ளைக்குப் போகிறது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது, அதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை. அவள் கேட்டது வேறு.

"ஏனுங்க, முட்டி பேந்து போச்சு பாருங்க. சாவிய மெதுவா உடத் தெரியாதா உங்களுக்கு?"

விசயம் சந்துக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? மழைத்தண்ணி சாக்கடையில் இறங்குகிற நேரம்தான். முதலில் வந்தவள் சுலோச்சனாக்கா. அவளுடைய வீட்டுக்காரர் பழனியப்பன் தேங்காய்நார் மில் வேலையை விட்ட நாளிலிருந்து டிவி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான், சோற்றுக்குத் தவிர எழமாட்டார். அவள் அவருடைய நீலக் கட்டம் போட்ட லுங்கியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, "அம்மிணி, சித்தெ ஓரமா இதையும் போட்டுக்கறேன், ஈரம்கூட இல்ல, உன்ற துணிய ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி, மல்லீஸ்வரி சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்வதற்கு முன்னாலேயே கொடியில் போட்டுவிட்டாள். கனகராசு சாவியைத் திருப்ப, எதிர்வீட்டிலிருந்து பழனியப்பன் பனியனோடு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், மில் இருக்கிற திசைக்கு விறுவிறுவென்று நடந்தார். சந்து முனை டீக்கடை வரைக்கும் போனார். கனகராசுக்குக் கை வலித்துச் சாவியை விட்டதும் அங்கேயே ஒற்றைக் காலைத் தூக்கினபடி நின்றார், டீக்கடைக்காரர் அவரைத் தாங்கிப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

"இன்னுங் கொஞ்சம் புடிச்சிருந்தா மில்லு கேட்டுக்குள்ள போயிருப்பாரு கனகு" என்று சுலோச்சனாக்கா கோபித்துக்கொண்டாள். "என்ன சாவி புடிக்கறயோ!"

பிறகு தையல்கடை அப்பாஸ் பாய் தன் சட்டையைக் கொண்டுவந்தார், முகூர்த்த மாசத்து ஜாக்கெட் எல்லாம் வெட்டினபடியே கிடக்கிறது, உட்கார்ந்தால் கால் மிதிக்க மாட்டேன் என்கிறது என்றார். சாவி திரும்பியதும் அவர் கால் மிதித்தது, மிஷின் ஓடியது, சாவி நின்றதும் ஜாக்கெட் கையோடு நின்றது. பரீட்சைக்குப் படிக்காத பையன்களின் யூனிபாரம் வந்தது. பால் சுரக்காத எருமையின் கழுத்துத்துணி வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போய் பதில் சொல்லாத மாப்பிள்ளையின் கைக்குட்டை வந்தது, அதை எப்படி வாங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ஆபீசில் பட்டா கேட்டு நடந்து நடந்து செருப்பு தேய்ந்த ஒருத்தர், அந்த ஆபீசில் நாற்காலி முதுகில் போட்டிருந்த பூத்துண்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கொடியில் துண்டைப் போட்டு சாவியைத் திருப்பினபோது அங்கே அந்தக் கிளார்க் பேனாவைத் திறந்தார் என்றும், சாவியை விட்டதும் மூடிவிட்டார் என்றும் போனில் சேதி வந்தது.

சந்து இதற்கெல்லாம் பழகிக்கொண்டது. காலையில் பால்காரர் வருவார், பேப்பர் வரும், எர்த்து கனகு வீட்டில் சாவி திருப்புவார்கள், அதற்குள் துணி போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். பேட்டரி இறங்கினால் ஆளுக்கொரு பேட்டரி கொண்டுவந்து மாட்டினார்கள். மழை தூறினால் ஓடிவந்து கொடிக்கு மேலே தார்ப்பாய் பிடித்தார்கள். பிரதோசத்துக்கு வண்டியின் மூக்கில் மாலை போட்டார்கள். வண்டி சரியாகிவிடக் கூடாது என்று அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. ஒருத்தருக்கும் மல்லீஸ்வரியின் வாசல் மல்லீஸ்வரியின் வாசல் என்று தோன்றவில்லை. அவள் கோலம் போட்டால் மிதித்தார்கள், அவள் குடத்துத் தண்ணீரைக் குடித்தார்கள், "அம்மிணி, கிளிப்பு இருக்கா? அம்மிணி, ஒரு சின்னக் கம்பு குடு, கொடி தொங்குது" என்று கேட்டார்கள். அவள் கிளிப்பையும் கொடுத்தாள், கம்பையும் கொடுத்தாள், கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சட்டியைப் போட்டு விளக்கினாள், சட்டி தேய்ந்தது. தன் பிள்ளையின் மற்ற கவுன்களைக் காயப்போட இடமில்லாமல் அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்தாள், கவுனெல்லாம் புகை வாசம் அடித்தது.

ஆனால் எரிச்சலுக்கெல்லாம் எரிச்சல் அதுவல்ல. கொடியில் துணி கூடக்கூட ஆளுக்குக் கிடைக்கிற வேகம் குறைந்தது. இருக்கிற கரண்டு இருக்கிறதுதானே? முன்னே டீக்கடை வரைக்கும் நடந்த பழனியப்பன் இப்போது தன் வீட்டு நடையைத் தாண்டவில்லை. கனிஷ்கா அரை அடி எடுத்துவைப்பாள், மீதி அரை அடி வராது, காற்றில் காலைத் துழாவுவாள், விழுவாள். முழங்கால் ரெண்டும் ஆறி உரிந்து, மறுபடி பேர்ந்து, காப்புக் காய்த்ததுபோல் ஆகிவிட்டது. விழும்போது சந்தே சிரிக்கும், "அட, இன்னொருக்கா அடி கனகு, புள்ள எந்திரிக்கட்டும்" என்று கத்தும். சாவி திரும்பும். பிள்ளை எழுவாள். அவள் முகத்தில் முதல் நாள் இருந்த சந்தோசம் இல்லை என்று மல்லீஸ்வரி கண்டாள். சாவிச் சத்தம் கேட்டதும் பிள்ளை வாசற்படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினாள், கை பிடித்திருக்கும், கால் நடக்கும்.

தேவராசண்ணன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொடியில் தொங்கும் ஊர்த்துணியை விலக்கி விலக்கி வண்டியைத் தேடுவார்.

"ஏப்பா கனகு, என்றா ஆச்சு?"

"சோலனாய்டுல கோளாறுங்கண்ணா. கழட்டிப் பாத்துட்டிருக்கறேன்."

அடுத்த முறை வந்தால் சாவி சுவிட்சு. அதற்கடுத்த முறை செல்ஃப் மோட்டாருக்குள் கரி தேய்ந்துவிட்டது, கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். அதற்கடுத்த முறை ஒயர் முழுக்க எலி கடித்திருக்கிறது.

"நீ எர்த்து கனகுன்னு பேரு வாங்குனவன்னுதான் உன்றகிட்ட உட்டேன். கல்யாணத்தன்னைக்கு என்ற மருமகனை எறக்கிவுட்டுத் தள்ளச் சொல்லுவனா? என்ற மாமனார் இந்த வண்டியிலதான் என்ற சம்சாரத்தை அனுப்பி வெச்சாரு, என்ற புள்ளயும் இதுலதான் போகோணும்."

"போயிரலாங்கண்ணா. போயிரலாம்."

கதவுக்குப் பின்னால் நின்று காப்பி டம்ளரை நீட்டின மல்லீஸ்வரி புருசனின் முகத்தைப் பார்த்தாள். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெயில் அடித்த ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம், கொடியிலிருந்து கீழே விழுந்து பேனட்டுக்குள் போய்விட்ட ஒரு ஜட்டியை எடுக்க மல்லீஸ்வரி வண்டிக்குள் குனிந்தாள். கனகராசு கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டி அதற்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானும் கைபட்டுப் பளபளவென்று இருந்தது. பேட்டரி முனை பளபளப்பு. செல்ஃப் மோட்டார் பளபளப்பு. ஒயர் புது ஒயர். ஒரே ஒரு போல்ட்டு மட்டும் தூசு படிந்து கிடந்தது, இன்ஜினிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற பின்னல் பட்டையை இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டு, அதன் மேல் எட்டுக்கால்பூச்சி கூடே கட்டிவிட்டது. எந்த வண்டியிலும் முதலில் கைவைக்கிற இடம் எதுவோ அந்த இடத்தில் அவன் இத்தனை நாளாகக் கையே வைக்கவில்லை. வாசரைச் சுற்றி வெளியே பிதுங்கி மஞ்சளாக என்னவோ காய்ந்திருந்தது. அவள் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

கனகராசு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் ரசத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏனுங்க, எர்த்தைப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு."

"எப்பப் பாத்தீங்க?"

"உனக்கெதுக்கு அது? துணி தொவைக்கற வேலையப் பாரு."

"துணி தொவைக்கறதுனாலதான் கேக்கறேன். அந்த போல்ட்டு மேல பூச்சி குடித்தனம் பண்ணுது. உள்ள சந்தனம் காஞ்சு கெடக்குது. வந்தப்ப இருந்த பழுதுக்குத்தானே பூஜையன்னைக்கு இன்ஜின எறக்கி வெச்சிருந்தீங்க, அதச் சரி பண்ணீட்டு, எதுவும் உட்டுப்போகக் கூடாதுன்னு கண்ட எடத்துக்கெல்லாம் பொட்டு வெச்சீங்களே, அந்த எர்த்துக் குழிக்கும் வெச்சீங்க. நாந்தானே கிண்ணம் புடிச்சுட்டு நின்னேன். பொட்டு மேலயே பட்டையப் போட்டு முறுக்கிட்டீங்க. கரண்டு எப்பிடி ஊட்டுக்குப் போகும்?"

அவன் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தான். கத்துவான் என்று நினைத்தாள். சாமிக்கு வைத்த பொட்டைக் குத்தம் சொல்கிறாயா என்று கேட்பான் என்று நினைத்தாள்.

"தெரியும்" என்றான்.

"எப்பவிருந்து?"

"அவ எந்திரிச்சு நடந்தாளே. அதுக்கு மக்கா நாளே, விடிஞ்சதும்."

மல்லீஸ்வரிக்கு ரசக்கரண்டியை அவன் தலையில் போடலாம் போல இருந்தது. இத்தனை நாள், இத்தனை ஈரத்துணி, ஊர் லுங்கியெல்லாம் தலையில் இடிக்க இடிக்க அவள் நடந்த நடை, அந்தப் பாவப்பட்ட தேவராசண்ணனுக்குச் சொன்ன சோலனாய்டு, கரி, எலி.

"ஏன் சரி பண்ணல?"

"சரி பண்ணிட்டா அவ நடக்காமப் போயிருவா மல்லி. இப்ப அரை அடியாவது எடுத்து வெக்கறா. ஒருத்தனும் இப்பக் கொறை பேசறதில்ல. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறானுக, நடக்கறாடான்னு."

"அவ எங்க நடக்கறா? நீங்க நடத்தறீங்க." அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "படியப் புடிச்சுக்கிட்டு இருக்கறா, நீங்க பாத்ததில்லையா? கை வேண்டாங்குது, காலு போகுது. நாளைக்குப் பள்ளிக்கூடம் போனா பின்னாலயே வண்டியத் தள்ளிட்டுப் போவீங்களா? கல்யாணம் பண்ணிக் குடுத்தா சீர்வரிசையோட இந்தப் பச்சை வண்டியயும் சேத்தி அனுப்புவீங்களா, மாப்ள, காலைல ஒருக்கா சாவிய அடிச்சீன்னா என்ற புள்ள எந்திரிச்சுச் சமைப்பான்னு?"

அவள் கடைக்குப் போய் ஸ்பேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

முதலில் கொடியிலிருந்த துணியை எல்லாம் எடுத்தாள். லுங்கி, சட்டை, யூனிபாரம், எருமையின் துணி, ஆபீஸ் துண்டு, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் துவைக்கிற கல்லின் மேல் போட்டாள். கடைசியாக மஞ்சள் கவுனை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். பம்பரில் சுற்றியிருந்த கொடியை அவிழ்த்தாள். அதற்குள் சந்து வாசலுக்கு வந்துவிட்டது.

"அம்மிணி, என்ன பண்றே? அதத் தொடாத!" சுலோச்சனாக்கா ஓடிவந்தாள். "இப்பத்தான் மனுசன் நடை வரைக்கும் வர்றாரு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்!"

"தங்கச்சி, முகூர்த்தம் முடியட்டும்மா" என்றார் அப்பாஸ் பாய்.

"பெத்த புள்ள காலையே வெட்டறாளே, இவ எல்லாம் ஒரு தாயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மல்லீஸ்வரிக்குக் காது சுட்டது. இத்தனை பேர் பார்வையும் முதுகில் விழ, பேச்சு வராத அவளுக்கு அன்றைக்கும் பேச்சு வரவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பேனட்டுக்குள் குனிந்தாள். ஸ்பேனரைப் போட்டாள், வழுக்கியது. மறுபடி போட்டாள், வழுக்கி விரல்முட்டி தகரத்தில் இடித்து ரத்தம் வந்தது. யாரோ சிரித்தார்கள். மூன்றாம் முறை போட்டபோது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது, சோற்றுக்கை, கழுவாத கை, அதில் வேறு ஸ்பேனர்.

"அது சேராது" என்றான் கனகராசு, அவளைப் பார்க்காமல். "பழைய வண்டி. இதுக்கு இஞ்சு சைசு வேணும்."

அவள் வாங்கிக்கொண்டாள். போல்ட்டு கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுத் திரும்பியது. பட்டையைத் தூக்கினால் அதற்கடியில் சந்தனப்பொட்டு வில்லையாகக் காய்ந்து, நடுவில் குங்குமம் மாறாமல், பூஜையன்று வைத்த மாதிரியே இருந்தது. அவள் அதை உடையாமல் நகத்தால் பெயர்த்து முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். சாமிக்கு வைத்ததைக் கீழே போட அவளுக்கு மனசில்லை. உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்தாள், தேய்த்துத் தேய்த்து இரும்பு கண்ணாடியாகும் வரைக்கும் தேய்த்தாள், இத்தனை நாள் சட்டியில் காட்டினதை எல்லாம் அதில் காட்டினாள். பட்டையை வைத்துக் கனகராசு போல்ட்டை இறுக்கினான். அந்த நேரம் பார்த்துத் தேவராசண்ணன் வந்து நின்றார், கூட்டத்தையும் கொடியில்லாத வண்டியையும் பார்த்தார்.

"என்னாச்சு?"

"ஏறி அடிச்சுப் பாருங்கண்ணா."

தேவராசண்ணன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டிக் இல்லை. கிர்ரென்று செல்ஃப் எடுத்தது, வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி, பின்னால் ஒரு மூட்டை கரும்புகையைக் கக்கி, சந்தின் ஓடெல்லாம் நடுங்குகிற மாதிரி உறுமியது. யாரும் வண்டியைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் வாசற்படியைப் பார்த்தார்கள்.

கனிஷ்கா சத்தத்துக்குப் பயந்து உதட்டைப் பிதுக்கினாள். வாசரைக் கீழே போட்டாள். ரெண்டு கையையும் தூக்கி அம்மாவைப் பார்த்து அழுதாள். எழவில்லை.

"போச்சு" என்றாள் சுலோச்சனாக்கா. எல்லாரும் கல்லின் மேலிருந்து அவரவர் துணியை உருவிக்கொண்டு போனார்கள். தேவராசண்ணன் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன பழுது கனகு, எலியா?" என்று கேட்டார்.

"சந்தனங்கண்ணா" என்றான் கனகராசு. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வண்டி சந்தைத் திரும்பிப் போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு அவன் கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டான்.

அன்று பொழுதோட மல்லீஸ்வரி முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தச் சந்தனத்தைச் சொட்டுத் தண்ணீரில் கரைத்து, பிள்ளையின் ரெண்டு முழங்காலிலும் பேர்ந்த இடத்தில் குளுகுளுவென்று தடவினாள். கனிஷ்கா சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாளும் உட்கார்ந்திருந்தாள், அதற்கு மறுநாளும். தேவராசண்ணன் மகள் கல்யாணம் முடிந்து அந்தப் பச்சை வண்டியிலேயே போனாள், ஒருத்தரும் தள்ளவில்லை என்று சேதி வந்தது. பழனியப்பன் டிவிக்குத் திரும்பினார். சுலோச்சனாக்கா மாவு கொடுப்பதை நிறுத்திவிட்டாள், கோலம் போடும்போது எதிரெதிராகக் குனிந்தும் பேசமாட்டாள். கனகராசு வேலைக்கு வருகிற வண்டிகளிடம் மட்டும் பேசினான், வீட்டுக்குள் வந்தால் உப்பு வேண்டுமா என்றால்கூடத் தலையைத்தான் ஆட்டினான். சாவிகளை எல்லாம் பிள்ளை கண்ணில் படாத உயரத்தில் மாட்டினான், அதை மல்லீஸ்வரி பார்த்தாள், பார்த்ததாகச் சொல்லவில்லை. செய்தது சரியா தப்பா என்று அவளுக்கே சில நேரம் சந்தேகம் வரும். அப்போதெல்லாம் படியைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையை நினைத்துக்கொள்வாள்.

மார்கழி பிறக்கிற சமயம் மழை விட்டது. வெயில் சந்துக்குள் இறங்கி, வண்டி நின்ற இடத்தில் அது விட்டுப்போன எண்ணெய்க் கறையின் மேல் வந்து உட்கார்ந்தது. மல்லீஸ்வரி பிள்ளையை அறைக்குள் பாயில் விட்டுவிட்டு, துணிகளை முறுக்கிப் பிழிந்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர்க் கொக்கி வரைக்கும் கொடி பழையபடி இழுத்துக் கட்டியிருந்தது, ஒரு துணியில்லாமல், முழுக்கொடியும் அவளுக்கே அவளுக்காக. துண்டைப் போட்டாள். புருசனின் கிரீஸ் சட்டையைப் போட்டாள். கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, மஞ்சள் கவுனை உதறி, ஒரு கையால் கொடியைத் தாழ்த்திப் பிடித்தபடி, இனி இந்தச் சந்தில் எவளாவது வந்து அம்மிணி சித்தெ ஓரமா இதையும் போட்டுக்கறேன் என்று நிற்கட்டும், அன்றைக்கு வராத பேச்செல்லாம் சேர்த்துவைத்து அவளை என்ன கேட்கவேண்டும் என்றால், முதலில் உன் வீட்டுக்காரரை...

"ம்மா!"

சத்தம் அறைக்குள்ளிருந்து வரவில்லை. வாசற்படியிலிருந்தும் வரவில்லை. அது அவள் முதுகுக்குப் பின்னால், எண்ணெய்க் கறைக்கும் அந்தப் பக்கம், சுலோச்சனாக்கா வீட்டு நடையிலிருந்து வந்தது, அங்கே எதையும் பிடிக்காமல் ரெண்டு காலில் நின்றுகொண்டிருந்தாள் கனிஷ்கா, ஷட்டருக்குள் கனகராசு கையிலிருந்து ஸ்பேனர் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது, யார் கையிலும் சாவி இல்லை, கவுன் இன்னும் கொடியில் ஏறவேயில்லை, அது சொட்டச் சொட்ட அவள் கையில்தான் இருந்தது, "ம்மா, வா!" என்று மறுபடி கூப்பிட்டது, "இதோ வர்றேன் சாமி, அங்கியே நில்லு" என்று சொல்ல வாயைத் திறந்தவள் பல்லிலிருந்து கிளிப் கீழே விழ, ஈரக்கவுனை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.